காரணம் எனக்குத் தெரியும்

பட்டியலில் முதலிடம் என் கணவருக்குக் கிடைத்திருந்தது. மேலாளர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். புதிதாக வாங்கிய ஒரு கருவியை நிறுவனத்தின் மொத்தக் கணினி நிரலுக்குள்ளும் ஓட விட்டிருந்தார்கள். "இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது" என்று வழி எத்தனை இடத்தில் பிரிகிறது என்று எண்ணி, நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் அது ஒரு எண் கொடுக்கும். பத்துக்குள் இருந்தால் மனிதர்கள் படிக்கலாம். தாண்டினால் சிவப்பு. பொட்டலங்களுக்குக் கட்டணம் கணக்கிடும் பகுதிக்கு நூற்று நாற்பத்தெட்டு என்று இருந்தது. மேலாளர் முதலில் அதை மதிப்பெண் என்று நினைத்து மேலிடத்துக்குப் பெருமையாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நிரல் எழுதத் தெரியாதவர்தான் எழுதுகிறவர்களை மேய்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

"உங்க வீட்டுக்காரர் எழுதினதுதாம்மா. அவர் போனதுக்கப்புறம் ஒருத்தரும் அதோட கணக்கைத் தொடல. இப்ப கட்டணத்தை மாத்தப் போறாங்க. இதைச் சுருக்கிப் புரியிற மாதிரி பண்ண முடியுமா பாருங்க. முடியலன்னா பரவாயில்ல, அவரையே திரும்பக் கூப்பிட்டுக்கலாம். இப்ப சும்மாதானே இருக்காரு?"

சும்மாதான் இருந்தார். இந்தக் கூரியர் நிறுவனத்தை விட்டுப் பெரிய பதவி என்று வேறு இடத்துக்குப் போனார். அங்கே ஆளைக் குறைத்தபோது முதல் வரிசையில் இவரை நிறுத்தி வாசலைக் காட்டினார்கள். அதிலிருந்து வீட்டில் இருக்கிறார். அவரிடம் மிச்சம் இருந்த ஒரே சொத்து ஒரு வாக்கியம்: "கூப்பிடுவாங்க. அந்தக் கட்டணப் பகுதியை என்னைத் தவிர எவனும் தொட முடியாது." ஆக, கணக்கு எளிது. நான் தோற்றால் அவருக்கு வேலை. நான் ஜெயித்தால் அவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மேலாளரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தோற்றுவிடலாம் என்றுதான் பேருந்தில் வரும்போது நினைத்தேன், சத்தியமாக.

வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அது என் கணவர் சரிசெய்த குழாய். கழுத்தில் கந்தல் துணி, துணிக்கு மேல் கம்பி, கம்பிக்கு முட்டுக்கொடுக்க ஒரு தேக்கரண்டி, எல்லாவற்றுக்கும் மேல் சணல். தண்ணீர் வேண்டுமானால் இடது கையால் கரண்டியை அமுக்கி, வலது கையால் கைப்பிடியைப் பாதி திருப்பி, கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து மறுபடி திருப்ப வேண்டும். குழாய்க்காரரைக் கூப்பிடலாம் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். பதில் எப்போதும் ஒன்றுதான். "அதுல கை வைக்காத. காரணம் எனக்குத் தெரியும்." கதவுத் தாழ்ப்பாள், மின்விசிறி, என் சேமிப்புக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். என் மாமியார் அந்தக் குழாயடியில் நின்று பாத்திரம் கழுவும்போது சத்தமாகவே சொல்வார்: "மூக்கைத் தொடுடான்னா தலையைச் சுத்தித் தொடுவான் இவன். பிறக்கும்போதே தலை திரும்பித்தான் பிறந்தான்."

அன்று மாலை நான் செருப்பைக் கழற்றும்போது கணவர் தன் தங்கையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "அவளுக்கு என்ன கஷ்டம்? நான் கட்டி வச்ச கோட்டையில ஒட்டடை அடிக்கிறா. அதுக்குச் சம்பளம் வேற." என்னைப் பார்த்தும் குரலைக் குறைக்கவில்லை. வேடிக்கையாகச் சொன்னது என்ற நினைப்பு. குடும்பம் நடத்துகிற சம்பளம் அது என்று நானும் சொல்லவில்லை. ஒட்டடைதானே, அடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நிரலைத் தாளில் அச்சடித்துப் படிப்பது என் பழக்கம். மறுநாள், தொடக்கப் பக்கங்களைச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலுவலகத்தில் தெரிந்தால் தொலைந்தேன். சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து உட்கார்ந்தால் தலை சுற்றியது. 'எனில்' என்று ஒரு நிபந்தனை, அதற்குள் இன்னொரு 'எனில்', அதன் வயிற்றுக்குள் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வரிகள் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளித் தொடங்க வேண்டும் என்பதால், பக்கத்தின் நடுவிலேயே எழுத்தெல்லாம் வலது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு அமர்க்களமும் எதற்கு? எடை என்ன, தூரம் என்ன, அவசரமா இல்லையா. கொசு அடிக்கக் கோடாலியை ஓங்கியிருந்தார் மனுஷர். தேநீர்க் கோப்பையோடு வந்தவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். குட்டு உடைந்தது என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"எவன் எழுதின குப்பை இது?"

"யாரோ பழைய ஆளு" என்றேன். பொய் இல்லை. நடுவில் யாரோ கணக்கைத் தொடாமல் வரிகளை மட்டும் ஒழுங்குபடுத்தி, எடைக்கும் தூரத்துக்கும் அவர் வைத்திருந்த பெயர்களை எல்லாம் மாற்றியிருந்தார்கள். ஆனாலும் பெற்ற பிள்ளைக்கு வேறு சட்டை போட்டால் அடையாளம் தெரியாதா? இவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் படுத்தவளைத் தூங்கவிடாத குறட்டை, அதை விட்டவன் காதில் விழாதது மாதிரிதான் இதுவும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இங்க பாரு. பொட்டலம் கனமான்னு கேக்குறான். ஆமான்னு குறிச்சுக்கிறான். அடுத்த வரியிலேயே, கனம்னு குறிச்சது பொய் இல்லையேன்னு திரும்பக் கேக்குறான். ஏன்டா, இப்பதானேடா கேட்ட? அதுக்குள்ள சந்தேகமா?" பேனா ஸ்டாண்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "இது என்ன? ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டால பெருக்கணும். ஞாயித்துக்கிழமை இல்லன்னா... அடப்பாவி, அப்பவும் ரெண்டாலதான்! இவனுக்கெல்லாம் சம்பளம் குடுத்திருக்கான் பாரு!"

கொடுமை என்னவென்றால், அவர் நன்றாகச் செய்தார். கோடு கோடாக அடித்து, ஒரு பக்கத்தை ஓரத்தில் மூன்று வரியில் எழுதிக் காட்டினார். மாதக்கணக்கில் இல்லாத தெளிவு முகத்தில். அடுத்தவன் மூட்டையை அவிழ்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் காலையில் அதைக் கணினியில் ஏற்றி, பழைய பொட்டலங்களின் விவரங்களை எல்லாம் பழைய நிரலிலும் புதியதிலும் கொடுத்துப் பார்த்தேன். கட்டணம் ஒரு காசு மாறவில்லை.

முதல் நாள் தற்செயல். இரண்டாம் நாளிலிருந்து தெரிந்தேதான் செய்தேன். மாலையானால் இரண்டு பக்கம் எடுத்து மேசையில் வைப்பேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, பலகாரத் தட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். எழுதியவனுக்கு ஒவ்வொரு நாளும் புதுப் பட்டம். குழப்ப மன்னன். கழுதை. "இவன் பொண்டாட்டி பாவம்" என்றுகூட ஒரு நாள் சொன்னார். எனக்குப் புரையேறியது. சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, மகனையும் காகிதத்தையும் என்னையும் வரிசையாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நிரலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மகனைப் பற்றித் தெரியும்.

நடுநடுவே பழைய வாக்கியமும் வரும். "இந்த மாதிரி ஆளுங்களை வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவாங்க? பாத்துட்டே இரு, கட்டணம் மாத்தணும்னு வரும்போது என்கிட்டதான் வந்து நிக்கணும்." சொல்லிக்கொண்டே அதே கட்டணப் பகுதியின் இன்னொரு தூணைச் சிவப்பு மையால் அடித்துச் சாய்ப்பார். எனக்கு உள்ளே சிரிப்பு பொங்கும். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது இல்லாமல் அந்த மாலைகளை என்னால் கடந்திருக்க முடியாது.

கடைசிப் பக்கத்தை எடுத்து வந்த அன்று மேலாளர் என் மேசைக்கே வந்திருந்தார். கருவி இப்போது ஒன்பது என்று காட்டியது. "பரவாயில்லையேம்மா! அப்ப அவரைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல. நாளைக்கு முடிச்சுக் குடுத்துடுங்க" என்றார். தொந்தரவாம்.

அந்தப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு, கட்டணத்தோடு ஒன்றைக் கூட்டி, சில வரிகள் தள்ளி அதே ஒன்றைக் கழிக்கிறது. அதற்கு மேலே, படிக்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. பெயர்களை மாற்றியவர்கள் அதை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள்.

"ஒண்ணைக் கூட்டி ஒண்ணைக் கழிக்கிறான்! இவன் வீட்டுல..." என்று ஆரம்பித்தவரின் பேனா குறிப்புக்கு வந்ததும் நின்றது.

'இதில் கை வைக்காதீர்கள். காரணம் எனக்குத் தெரியும்.'

படித்தார். மறுபடி படித்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். இத்தனை நாளும் இந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். வந்ததும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாக இருந்தது. இவ்வளவு சின்ன ஆளிடமா இத்தனை வருடம் ஜெயிக்கத் துடித்தேன் என்று என் மேலேயே இளக்காரமாகவும் இருந்தது.

"இதை எடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டார். யார் எழுதியது என்று கேட்கவில்லை.

"எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் ஆகல."

"ஒரு காரணம் இருந்துச்சு" என்றார். பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே, "ஞாபகம் வரல" என்றார்.

"இன்னும் எத்தனை பக்கம் பாக்கி?" என்று அவரே கேட்டார்.

"இதான் கடைசி. நாளைக்கு முடிச்சுக் கேக்குறாங்க."

மேசையில் அடுக்கியிருந்த பழைய பக்கங்களை இழுத்து விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாம் அவர் கையால் அடித்த சிவப்புக் கோடுகள். கழுதை என்று ஓரத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்த பக்கத்தில் விரல் நின்றது.

"நாளைக்குக் குடுக்கணுமா?"

"நீங்க சொல்லுங்க."

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "டேய், இந்தக் குழாய்க் கட்டு திரும்ப நழுவுது. வந்து கட்டித் தொலை. இல்ல காரணத்தையாவது சொல்லித் தொலை."

எழுந்து போனார். சணலை இறுக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. போய்ப் பார்த்தேன். தொட்டியின் முன்னால் நின்று முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சணலைச் சுருட்டி வைத்தார். கரண்டியை உருவினார். கம்பியைப் பிரித்தார். கறுத்து ஊறிப்போன துணி கடைசியில் வந்தது, பிழிந்து மேடையில் வைத்தார். மாமியார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தண்ணீர் பீறிடும் என்று ஒதுங்கி நின்றோம்.

குழாய் ஒரு சொட்டு விட்டது. சற்று நேரம் கழித்து இன்னொன்று. கட்டு இருந்தபோது எப்படிச் சொட்டியதோ அதே மாதிரி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு கையை எடுக்காமல் அடுத்ததற்காக நின்றார்.