பல் தடம்

ஊரில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எலிதோஸ்து என்றால்தான் தெரியும். டிராக்டர் வயரிங் வேலை பார்க்கிறவன். கொட்டகையில் நிற்கிற வண்டிக்குள் எலி புகுந்து வயரைக் கடித்துப் போட்டால் இவனுக்குத்தான் போன் வரும். "எலிக்கும் இவனுக்கும் கூட்டுய்யா. சாயங்காலமானா பையில பத்து எலியைப் போட்டுக்கிட்டுப் போய் கொட்டகைக்கு ஒண்ணா விட்டுட்டு வந்துடுவான். காலையில போன் அடிக்கும்னு காத்திருப்பான்" என்று டீக்கடையில் ஒருத்தர் கிளப்பிவிட்டார். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான், எத்தனை தேய்த்தும் போகவில்லை.

கிளப்பிவிட்டவர் யார் என்கிறீர்களா? முதலாளியம்மா வீட்டு டிரைவர்தான். நல்ல மனுஷன், வேலையில் சுத்தம். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அது அவர் பேச்சையே கேட்காது. பேர் தன்னோடு நின்றிருந்தால் எலிதோஸ்துவும் சிரித்துத் தொலைத்திருப்பான். பள்ளிக்கூடத்தில் இவன் மகளை "எலிக்குட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "பொந்துக்குள்ள போயிடுச்சு பாரு" என்று இவன் மச்சானே சிரித்தான். அன்றைக்கு எரிந்த வயிறு மூன்று வருஷமாகியும் அணையவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலையில் முதலாளியம்மாவிடமிருந்து போன். "வண்டி ஸ்டார்ட் ஆகல. செல்ஃப் அடிச்சா ஒரு சத்தமும் இல்ல. உழவு பாதியில நிக்குது, உடனே வா."

முதலாளியம்மாவிடம் மூன்று டிராக்டர். அந்த வட்டாரத்தில் இவனுக்கு வருகிற வேலையில் பாதி அந்த வீட்டு வேலை. சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினான்.

கொட்டகையில் யாரும் இல்லை. பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரே அறை, அதுதான் டிரைவரின் வீடு. பதினெட்டு வருஷமாக அவரும் அவர் மனைவியும் அதில்தான் இருக்கிறார்கள். இப்போது ஒன்பது மாச வயிற்றோடு மகளும் வந்து படுத்திருக்கிறாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டேபிள் ஃபேன் கரகரவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது.

எலிதோஸ்து பேட்டரியைப் பார்த்தான், உயிர் இருந்தது. ஃப்யூஸ் எல்லாம் நன்றாக இருந்தன. டேஷ்போர்டுக்குக் கீழே நான்கு ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டை இறக்கினான். குப்பென்று எலி மூத்திர நாற்றம். வைக்கோலும் கிழிந்த துணியும் சேர்த்து உள்ளே ஒரு கூடு. அதற்கு மேலே சாவிக்குப் போகிற வயர்க் கொத்தை நாசம் பண்ணி வைத்திருந்தது. பிளாஸ்டிக் உறை பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. செம்பில் இரண்டிரண்டாகப் பல் தடம். சின்னப் பிள்ளைகூட எலி என்று சொல்லிவிடும்.

கூட்டை அள்ளி வெளியே எறிந்தான். அப்புறம் எப்போதும் செய்கிற வேலைதான். கடிபட்ட முனையோடு வயரை ஜாயின்ட் போட முடியாது. கட்டரை எடுத்து ஒவ்வொரு முனையிலும் விரல் நீளம் நறுக்கென்று வெட்டித் தள்ளினால்தான் உள்ளே புதுச் செம்பு பளபளக்கும். அதில்தான் ஜாயின்ட் நிற்கும். வெட்டின துண்டுகளை வீணாக்க மாட்டான், காலடியில் ஒரு பழைய தகர டப்பா, அதில் போட்டுக்கொள்வான். ஏழு வயர், பதினான்கு துண்டு. எல்லாம் டப்பாவில் விழுந்தன. வண்டியில் தொங்கியதெல்லாம் சுத்தமான வெட்டு முனைகள்.

சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வந்து நின்றார்.

குனிந்து பார்த்தார். தொங்குகிற வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "அடப் பாவி! இது எலி இல்லடா. கத்தி!"

எலிதோஸ்து வாயைத் திறந்தான். "இல்லம்மா, நான்தான் இப்போ..." என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அந்தம்மா வாசலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார், அறைக்குள்ளிருந்து டிரைவர் ஓடி வந்தார். அவர் மூஞ்சியைப் பார்த்ததும் இவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

"நேத்து லீவு கேட்டியே? மகளை ஆஸ்பத்திரியில சேர்க்க மூணு நாள் வேணும்னு? உழவு முடியட்டும்னேன். அதுக்கு என்ன சொன்ன? எல்லார் முன்னாடியும் என்ன சொன்ன?"

டிரைவர் சொன்னது சொன்னதுதான். "வண்டி படுத்தாத்தான் எனக்கு லீவு போலிருக்கு, நானே படுக்க வெச்சிடறேன்" என்று வேலையாட்கள் நடுவில் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தார். அந்தப் பாழாய்ப்போன வாய்!

"அம்மா, அது விளையாட்டுக்குச் சொன்னது. எலிதாங்க. பாருங்க, சீட்டுக்குக் கீழ புழுக்கை கிடக்குது."

"கொட்டகைன்னா புழுக்கை கிடக்கத்தான் செய்யும். எலி இவ்வளவு நேரா வெட்டுமா? அது என்ன, கட்டர் வெச்சிருக்கா?"

டிரைவர் சட்டென்று இவன் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. "இவனைக் கேளுங்கம்மா. நான் இவனை எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கேன். ஆனா தொழில்ல பொய் சொல்ல மாட்டான். சொல்லு தம்பி. நீ சொல்லு."

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை போதும். அதுகூட வேண்டாம், குனிந்து அந்த டப்பாவை எடுத்து நீட்டினால் போதும். பதினான்கு துண்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆனால் இவன் கண்ணுக்குள் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்த மகள் வந்து நின்றாள். நல்லா வேணும், என்றது மனசு. இந்த வாய்க்கு நல்லா வேணும். ஒரு நாளாவது இந்த ஆள் பேச்சை நம்பாமல் நாலு பேர் நிற்கட்டும்.

"நான் வரும்போது வயர் அறுந்திருந்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். யாரு என்னன்னு நான் எப்படிங்க சொல்றது?"

சொல்லிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல், டப்பாவைக் காலால் வண்டிக்கு அடியில் தள்ளினான். படுபாவி! கை நடுங்கவில்லை. கால்கூட நடுங்கவில்லை.

டிரைவர் இவனையே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் என்னவோ, "ஆமா, அவன் எப்படிச் சொல்வான்?" என்று தனக்குள்ளேயே முனகிக்கொண்டார். முதலாளியம்மா அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள அறையைக் காலி பண்ணு."

"அம்மா, மகளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு..."

"அதை வயரை வெட்டுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

டிரைவர் போன பிறகு எலிதோஸ்து ஜாயின்ட் போட உட்கார்ந்தான். மனசுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது, மறைப்பானேன். நாலு நாள் அலையட்டும், அப்புறம் அம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொல்லித் திரும்பச் சேர்த்துவிடலாம், நம் கையில்தானே இருக்கிறது என்று பெரிய மனுஷன் மாதிரி கணக்குப் போட்டான்.

முதலாளியம்மா போகவில்லை. பின்னாலேயே நின்றார். "எலிதான்னு எனக்கும் தெரியும்ப்பா" என்றார், வானிலை சொல்கிற மாதிரி.

இவன் கையிலிருந்த டேப் கீழே விழுந்தது.

"காலையிலேயே புழுக்கையைப் பார்த்துட்டேன். என் தம்பி மகன் சும்மா சுத்திக்கிட்டு இருக்கான், வண்டி ஓட்டுறேங்கறான், அவனுக்கு அந்த அறையும் வேணும். இத்தனை வருஷம் இருந்தவனை எதைச் சொல்லி அனுப்புறதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நல்ல வேளை, நீ வாயை மூடிக்கிட்டே. விவரமான ஆளுதான்." டப்பா கிடந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இனிமேலும் அப்படியே இரு. மூணு வண்டியும் உன் பொறுப்பு."

அவ்வளவுதான். மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த ஆத்திரம், அந்தம்மா வேலைக்கு எடுபிடியாகப் போய்விட்டது. இவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. செல்ஃப் அடித்துப் பார்த்தான். வண்டி முதல் அடியிலேயே எழுந்து நின்றது.

வெளியே வந்தால் ஒரு தட்டுவண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. பாய், பாத்திரம், அந்தக் கரகர டேபிள் ஃபேன். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வயிற்றைத் தாங்கி நின்றாள். டிரைவரின் மனைவி இவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரைவர் மட்டும் கிட்டே வந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். உனக்கு அந்தப் பேரை வெச்சது நான்தான். பிள்ளை அழுதுச்சுன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். ரொம்பத் தப்பு. நீ நினைச்சிருந்தா இன்னைக்கு, ஆமா இவன்தான் வெட்டினான்னு சொல்லியிருக்கலாம். சொல்லலையே. அது போதும் எனக்கு."

எலிதோஸ்து பூமியைப் பார்த்தான்.

"செங்கல் சூளைக்காரருக்கு டிரைவர் வேணுமாம். தங்க இடமும் தர்றாராம். இப்பவே போய்க் கேக்கலாம்னு இருக்கேன். அவர் உன்னை மதிக்கிறவர். கேட்டா, வயரை வெட்டுற ஆள் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சரிண்ணே" என்றான். அந்த நிமிஷம் நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தான். கதை சொல்கிற நான் அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இவனுக்கு அநியாயம் பண்ணினவன் ஆவேன்.

வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். இன்னொரு டம்ளர் குடித்தான். சூளைக்காரர் யார்? முதலாளியம்மாவுக்குச் சம்பந்தி. இன்றைக்கு இவரிடம் சொன்னது நாளைக்கு அந்தம்மா காதில் விழாமல் இருக்குமா? எலி கடித்தது என்றால், அப்புறம் ஏன் அங்கே சொல்லவில்லை என்று நாலு பேர் கேட்க மாட்டார்களா? மூன்று வண்டியும் போகும், தொழிலில் பேரும் போகும். காலையிலாவது ஆத்திரம் என்று ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. வெறும் பயம்.

போன் அடித்தது. சூளைக்காரர்.

"ஏம்ப்பா, என் சம்பந்தியம்மா வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று தொடங்கினார். "அந்த வீட்டு டிரைவரை அனுப்பிட்டாங்களாமே. நீதான் வயரைப் பார்த்தியாம். அந்த ஆள் வெட்டினானா, இல்லையா? உன் வார்த்தையை நம்பித்தான் நான் ஆளை எடுக்கணும்."

எலிதோஸ்து போனோடு வாசலுக்கு வந்தான். உள்ளே மகள் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"அது... பெரிய இடத்து விவகாரம்ங்க. நம்ம வாயால எதுக்குங்க? அம்மா அனுப்பினாங்கன்னா சும்மா அனுப்பியிருக்க மாட்டாங்க. முனை எல்லாம் கட்டர் போட்ட மாதிரிதான் இருந்துச்சு. பார்த்துச் செய்யுங்க."

அந்தப் பக்கம் எங்கேயோ தூரத்தில் ஒரு டேபிள் ஃபேனைத் தரையில் இறக்கி வைத்த மாதிரி கடமுடவென்று கேட்டது.

"ஸ்பீக்கர்லதான்ப்பா போட்டிருந்தேன்" என்றார் சூளைக்காரர். "ஆளை முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டாத்தானே நியாயம்? அவர்தான் உனக்குப் போடச் சொன்னார்."

அப்புறம் டிரைவரின் குரல் வந்தது. போனுக்கு இல்லை, யாரிடமோ. "ஏறும்மா. மெதுவா ஏறு. நமக்கு இங்க இடமில்லை."

எலிதோஸ்து போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

"லைன்ல இருக்கியாப்பா?" என்றார் சூளைக்காரர். "எங்க வண்டியில ஹெட்லைட் எரியல. காலையில வந்து பார்த்துடு."

"வர்றேங்க" என்றான்.