முழங்கைக்கு எதற்கு ஹெல்மெட்?

பொலிக்செனி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மலைக்கு வரேன். ஆனா ஹெல்மெட் உங்க தலையில இருக்கணும். தாடையையும் சேத்து மூடுற முழு ஹெல்மெட். வழக்கம்போல முழங்கையில மாட்டிக்கிட்டு வந்தீங்கன்னா, நான் படியே இறங்க மாட்டேன்."

ஆர்கிரிஸ் கிரேக்க நாட்டின் வோலோஸ் துறைமுகத்தில் தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுப்பவன். ஐம்பதைத் தாண்டியவன், மணமுறிவுக்குப் பின் தனியாக இருப்பவன். பொலிக்செனி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தன் பைக்கில் மலைக்கிராமமான மக்ரினிட்சாவுக்கு வரும்படி வசந்தகாலம் முழுக்க அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தான். இப்போதுதான் அரைச் சம்மதம் கிடைத்திருக்கிறது. மீதி அரை அவன் தலையில் இருந்தது.

ஊரில் பாதி ஆண்களைப் போல அவனும் ஹெல்மெட்டை முழங்கையில்தான் மாட்டிக்கொள்வான். தூரத்தில் போலீஸ் தெரிந்தால் அது தலைக்கு ஏறும். போலீஸைத் தாண்டியதும் முழங்கைக்கே இறங்கிவிடும்.

"நானும் பல வருஷமா படம் எடுக்கிறேன்" என்றாள் பொலிக்செனி. "ஹெல்மெட் போட்ட முழங்கை உடைஞ்சு நான் பாத்ததே இல்ல. தலைங்கதான் வருது."

சனிக்கிழமை காலையில் அவன் சிநேகிதன் பந்தெலிஸின் ஹெல்மெட் கடைக்குப் போனான். பந்தெலிஸ் தையல்காரர் டேப்பை எடுத்து, புருவத்துக்குச் சற்று மேலாகச் சுற்றி, பின்மண்டையின் புடைப்பு வழியாகக் கொண்டுவந்து அளந்தான்.

"ரெண்டு சைஸுக்கும் நடுவுல நிக்குற. சின்னதை எடு."

"டேய், பெருசைக் குடுடா. காத்து போக வேணாமா?"

"காத்துக்குத் தனியா ஓட்டை வெச்சிருக்கான். உள்ளே இருக்கிற பஞ்சு போகப் போக அமுங்கும். இன்னைக்கே வசதியா இருக்கிறது அடுத்த மாசம் தொளதொளன்னு ஆயிரும். அப்புறம் நீ இடது பக்கம் திரும்புவ, ஹெல்மெட் அது பாட்டுக்குக் கடலைப் பாத்துக்கிட்டு நிக்கும்."

தாடைக்குக் கீழே கட்டும் இரண்டு வாரையும் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தபடி தலையை நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் காது மடங்கிக்கொள்ளும். ஆர்கிரிஸுக்கு முதல் தடவை இரண்டு காதும் மடங்கின. இரண்டாம் தடவை ஒன்று மட்டும். தலை ஒருவழியாக உள்ளே போனதும் கன்னங்கள் இரண்டும் முன்னால் பிதுங்கின.

"பலூன் ஊதுறவன் மாதிரி இருக்கே. ரொம்ப நல்லது" என்றான் பந்தெலிஸ். "கன்னம் பிதுங்கணும், ஆனா நெத்தியில ஒரே இடத்துல குத்தக் கூடாது. குத்துதா?"

"இல்ல."

பந்தெலிஸ் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினான். கன்னத்துத் தோலும் கூடவே நகர்ந்தது. பின்பக்கத்தைத் தூக்கி முன்னால் தள்ளிப் பார்த்தான், கழன்று வரவில்லை. அப்புறம் வெளி ஓட்டைத் தட்டிக்காட்டி, அதற்குள்ளே தெர்மாகோல் மாதிரி ஒரு நுரை இருப்பதையும், அடி விழுந்தால் அது தான் நசுங்கித் தலையைக் காப்பாற்றும் என்பதையும், ஒரு தடவை நசுங்கியது மறுபடி உப்பாது என்பதையும் சொன்னான். கண்ணாடி மூடிக்கு உட்பக்கம் இன்னொரு மெல்லிய தகடு ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று குளிரைத் தடுப்பதால் மூச்சுப் பட்டாலும் உள்ளே பனி படியாது.

"இந்தத் தகட்டைக் காகிதத்தால துடைச்சேன்னா கீறல் விழுந்துரும். வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, விரல் நுனியால லேசாத் தடவணும். அவ்வளவுதான். கேக்குதா?"

கேட்டது. ஆனால் காசு கொடுத்து வெளியே வந்து பைக்கில் ஏறியதும், ஆர்கிரிஸின் கை பழக்கதோஷத்தில் புது ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிவிட்டது. இத்தனை பெரிய உருண்டையோடு கை மடங்கவே இல்லை, ஆக்சிலேட்டர் எட்டவில்லை.

வாசலிலிருந்து பந்தெலிஸ் கத்தினான். "டேய்! மேலடா, மேல! கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கும் பாரு!"

பஞ்சு கொஞ்சமாவது அமுங்கட்டும் என்று அன்று மாலை முழுக்க அவன் ஹெல்மெட்டோடு வீட்டில் உட்கார்ந்து கால்பந்து பார்த்தான். எதிர்வீட்டுக்காரி பால்கனியில் துணி காயப்போட்டவாறு கேட்டாள்: "என்ன ஆர்கிரிஸ், நம்ம டீம் அவ்வளவு மோசமாவா ஆடுது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் எள் தூவிய குலூரி ரொட்டி வளையம் ஒன்றை அவசரமாகத் தின்றான். ஹெல்மெட்டை மாட்டி, மூக்குக்கண்ணாடியை அதற்கப்புறம் நேராக உள்ளே செருகி, வாரை வளையங்களில் கோத்து இறுக்கி, பொலிக்செனி வீட்டு வாசலில் போய் நின்றான். கண்ணாடி மூடியும் கீழே இறக்கியே இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவள் தன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி படியில் இறங்கி வந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மூச்சை அடக்குங்க. ஆடாதீங்க."

திருப்பினாள், தூக்கிப் பார்த்தாள். "பாஸ்" என்றாள்.

பிறகு ஓரடி பின்னால் போய்ச் சிரித்தாள். சிவப்புத் தோல் ஜாக்கெட், நரை ஓடிய கூந்தலைக் கட்டிய நீலக் கைக்குட்டை. ஆர்கிரிஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு அழகைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் கண்பட்டுப்போகும். அவன் அம்மா செய்வது, ஊரே செய்வது, யோசிக்காமல் தானாக வருவது.

"ப்தூ, ப்தூ, ப்தூ! கண்ணு படாம இருக்கணும்!"

மூடியைத் திறக்க மறந்துவிட்டான்.

வழக்கமாக அது வெறும் சத்தம்தான். ஆனால் அன்று பல்லிடுக்கில் குலூரியின் எள் இருந்தது. உலகம் மங்கியது. அதில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் தோன்றின.

"என்ன ஆச்சு?" பொலிக்செனியின் குரல் மட்டும் கேட்டது. அவள் குனிந்து பார்த்தாள். "ஐயோ, உள்ளேயே துப்பிக்கிட்டீங்களா?"

"உங்களுக்குக் கண்ணு படக் கூடாதுன்னு..."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து, மூடியை உயர்த்தி உள்ளே கையை விடப் போனாள்.

"தொடாதீங்க!" என்று ஆர்கிரிஸ் அலறினான். "காகிதம் பட்டா கீறல் விழுந்துரும். உள்ளே ரெண்டாவது தகடு இருக்கு. நடுவுல காத்து அடைஞ்சிருக்கு, குளிர்காலத்து ரெட்டைச் சன்னல் மாதிரி. வெதுவெதுன்னு தண்ணி வேணும். அப்புறம் விரல் நுனி."

அவளிடம் இப்படிக் கத்தியதில் எல்லாம் கெட்டது என்று நினைத்தான். பொலிக்செனி அவனையே சற்று நேரம் பார்த்தாள். முழங்கையில் ஹெல்மெட் மாட்டித் திரிந்த மனுஷன் இதையெல்லாம் எப்போது கற்றான் என்று யோசிப்பது போலிருந்தது.

"வெதுவெதுப்பான தண்ணி மேல இருக்கு" என்றாள். "வாங்க."

இத்தனை மாதங்களில் அவன் அந்த வாசலைத் தாண்டியதில்லை. சமையலறையில் மூடியை மட்டும் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவள் குழாயடியில் விரல் நுனியால் ஒவ்வோர் எள்ளாக நகர்த்தினாள்.

"அது காயுற வரைக்கும் ஹெல்மெட்டைக் கழட்டி வைங்களேன்."

"வேணாம். திரும்ப மாட்டுறப்போ காது மடங்கும். அதுவுமில்லாம, தலையில இருக்கணும்னுதானே சொன்னீங்க?"

அவள் நுரை ததும்பும் குளிர்ந்த காபியில் உறிஞ்சுகுழல் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். தாடைப்பகுதிக்கு மேலாகக் குழல் சரியாக எட்டியது.

மூடி காய்ந்ததும் டக்கென்று பொருத்திக்கொண்டு கிளம்பினார்கள். அவள் தன் ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் ஏறி அவன் இடுப்பைப் பிடித்தாள். மலைச்சாலையின் முதல் வளைவில் கீழே வளைகுடா முழுதும் வெயிலில் மினுங்கியது. ஆர்கிரிஸ் அழகாக, நிதானமாக, வண்டியைச் சாய்த்துத் திரும்பினான்.

பின்னாலிருந்து டக்கென்று ஒரு சத்தம். பொலிக்செனி தன் மூடியைத் திறந்திருக்கிறாள்.

"ப்தூ, ப்தூ, ப்தூ!" என்றாள்.

எல்லாம் அவன் புது ஹெல்மெட்டின் பின்பக்கத்தில்தான் பட்டிருக்கும். அதைக் காகிதத்தாலேயே துடைக்கலாம்.