சிவப்பு ஏறும் நேரம்

கண்ணாடி ஊதுகிறவனின் மனைவிக்கு நாற்பத்தொன்றாம் வயதில், ஒரு வியாழக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உடம்பின் நிறம் போய்விட்டது. ஆள் இருந்தாள். பின்னாலிருந்த சுவரும் அவள் வழியாகத் தெரிந்தது, பெயர்ந்த சுண்ணாம்பு உட்பட. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிவிட்டதாக அவள் சொன்னதும் சத்துக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் தெருவே வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் அவள்மேல் இடித்துக்கொண்டவர்கள் அவளையே திட்டினார்கள். குடித்த டீ தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்ததால் அவள் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள். கடையின் முன்னறையில் ஜாடிகளைக் காகிதத்தில் சுற்றி வைக்கோல் பரப்பிய பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. ஓர் உடுப்பு மட்டும் நின்று ஜாடி சுற்றுவதை வாங்க வந்தவர்கள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, பிறகு விலை கேட்டார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்புவரை அவள் உலைக்கூடத்தில் இருந்தவள். அவன் ஊதுவான், நிறம் போர்த்துவது அவள். குழாய் முனையில் தொங்கும் கண்ணாடிக் குழம்பை மஞ்சள் பானையில் முக்கி, வெள்ளையில் முக்கி, சிவப்பில் முக்கி, தோலுக்கு மேல் தோலாக ஏற்றுவாள். ஆறிய பிறகு மேல்தோலைச் சீவினால் கீழே இருப்பது மீனாகவோ இலையாகவோ எட்டிப் பார்க்கும். சூட்டில் எல்லா நிறமும் ஒரே நெருப்பு நிறம்தான். எதற்குக் கீழே எது கிடக்கிறது என்பது போர்த்தியவள் தலைக்குள் மட்டும் இருக்கும். சிவப்பு இன்னும் வம்பு பிடித்தது. பானையிலிருந்து எடுத்தால் வெறும் தண்ணீர் மாதிரி நிற்கும். சற்று ஆறவிட்டு மறுபடி உலை வாயில் காட்டினால்தான் அதற்கு ரத்தம் ஏறும். அவள் கையில் அது ஒருநாளும் ஏறாமல் போனதில்லை. அப்படியிருக்க, ரயில் நிலையத்துக்கென்று ஏழு நிறம் போர்த்திய இடுப்புயர ஜாடி ஒன்று ஆறவைக்கும் அடுப்பில் மூன்றாம் நாள் பிளந்தது. “மத்ததோட சேராத வெள்ளையப் போட்டுட்ட” என்றான் அவன், அத்தனை பேர் முன்னால். “இனிமே உலைப்பக்கம் வராத.” அவள் உடைந்ததைப் பெருக்கும்போது உள்ளங்கை அகலச் சில்லு ஒன்றை எடுத்து நூல் டப்பாவில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் இரண்டு நிறத்துக்கு மேல் யாரும் போர்த்தியதில்லை.

நிறம் போனதும் அவன் பயந்துதான் போனான். அவள் நிறத்திலேயே ஒரு கிண்ணம் ஊதி, அதில் தண்ணீர் குடிக்க வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பினான். சிவப்பில் மட்டும் பதினேழு வகை சொல்லக்கூடியவன், பெண்டாட்டி என்ன நிறம் என்று தெரியாமல் ஊரெல்லாம் விசாரித்தான். மாமியார் தங்கம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரி மாநிறம் என்றாள். உலைக்குக் கரி தள்ளும் தம்பியோ, “அண்ணி திட்டுனா ஒரு கலரு, சிரிச்சா ஒரு கலரு. உனக்கு எது வேணும்?” என்றான். பத்தொன்பது கிண்ணம் ஊதினான். பத்தொன்பதும் ஆறிப்போன டீ மாதிரி வந்தன. அவளும் சலிக்காமல் பத்தொன்பதிலும் குடித்தாள். மழைக்காலத்தில் நிலைமை மோசமாயிற்று. உடுத்திய நீலம் ஒரு மணி நேரத்தில் வெளுத்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. பிடித்த டம்ளர் மறைந்தது. குரலும் தேய்ந்தது. “அண்ணி, இருக்கீங்களா? ஒரு இருமு இருமுங்க” என்று தினமும் கேலி செய்துவந்த கொழுந்தன், ஒருநாள் அவள் இருமியும் கேட்காததால் கேலியை விட்டுவிட்டான்.

மறுநாள் காலை உலைக்கூடத்து இரும்பு மேசைமேல் நூல் டப்பாவிலிருந்த அந்தச் சில்லு வந்து விழுந்தது.

“விரிசல் எங்க போகுது, பாருங்க.” அவன் காதருகே ஈ பறக்கும் அளவு சத்தம்தான்.

அவன் குனிந்தான். நிறங்கள் சேராமல் உடைந்திருந்தால் விரிசல் இரண்டு நிறங்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கும். இது ஏழு நிறத்தையும் குறுக்கே அறுத்திருந்தது. ஆறும் முன்பே யாரோ அடுப்பைத் திறந்து குளிர்காற்று பட விட்டிருக்கிறார்கள்.

“தெரியும்” என்றான். “அன்னைக்கே தெரியும். பார்க்க ஆசையில நான்தான் திறந்தேன்.”

கரி தள்ளிக்கொண்டிருந்த தம்பி கையை நிறுத்தினான். “அடப்பாவி! பதினோரு வருஷமாடா?”

“குழாயக் குடுங்க” என்றாள் அவள்.

அவன் நீட்டினான். அவள் பிடித்த இடம்வரை இரும்பு மறைந்தது. மூச்சு உள்ளே போவதும் கண்ணாடி உருண்டை உப்புவதும் தெரிந்தன. நடுவில் யாரும் தெரியவில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஏற்றினாள். தண்ணீராக நின்ற சிவப்பை ஆறவிட்டு உலை வாயில் காட்டி, எப்போதும்போல வலப்பக்கம் நெருப்பைப் பார்க்க நின்று உருட்டினாள். கண்ணாடிக்கு ரத்தம் ஏறியபோது அவளுடைய வலது கைக்கும் ஏறத் தொடங்கியது.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மஞ்சள் வந்த வாரம் தெரு அதைக் காமாலை என்றது. வெள்ளை வந்தபோது குழந்தைகள் ஓடின. கடைசியில் வந்த நிறத்துக்கு அவனிடம் பேர் இல்லை, கிண்ணமும் இல்லை. தினமும் அவள் ஊதினாள். பெட்டி அடுக்கும் வேலை அவனுக்கு வந்தது; வைக்கோல் அரிக்கிறது என்று முதல் நாளே சொன்னான்.

உலைக்குத் திரும்பாத இடது காதுக்கு மட்டும் நிறம் வரவேயில்லை. தோடு அந்தரத்தில் ஆடியது. “திரும்பி நின்னா அதுவும் வந்துடும் அண்ணி” என்றான் கொழுந்தன்.

“அந்தப் பக்கம் நின்னா எனக்குக் கை வராதுப்பா.”

அப்படியே விட்டுவிட்டார்கள். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் புருஷன் முன்னறையிலிருந்து வந்து அவளுடைய இடப்பக்கமாக நிற்பான். அந்தக் காது வழியாக உலை நன்றாகத் தெரியும். சிவப்பு ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, ஏறிய பிறகுதான் வாயைத் திறப்பான்.