அமெரிக்கா கிராணி

எனக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் சிக்கந்தர். சூலியா தெருவில் அவனுக்குச் சாப்பாட்டுக்கடை. நான் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கிராணி, மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறவன். எங்கள் துரை காலையில் படித்துவிட்டு எறிகிற ஆங்கிலப் பேப்பரை மாலை ஐந்து மணிக்குக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வருவேன். மூலை பெஞ்சு எனக்கு. தேத்தண்ணி வரும், பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன். சொன்னதற்கு மேல் என் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்ப்பேன்.

உள்ளூர்ச் செய்தியை யாரும் கேட்பதில்லை. ஜாலான் என்று மலாய்க்காரர் சொல்கிற எங்கள் தெருவில் நடப்பதைத்தான் கண்ணாலேயே பார்க்கிறோமே. அமெரிக்காதான் வேண்டும். அங்கே சாராயம் குடித்தால் ஜெயிலாமே, சினிமாக்காரி நாலாவது புருஷனையும் தள்ளிவிட்டாளாமே, ஐம்பது மாடிக் கட்டிடத்துக்கு ஆளே குடிவரவில்லையாமே! எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. அந்தத் தேசத்தை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. வாய் மட்டும் நியூயார்க்கில் பிறந்த வாய்.

அமெரிக்காவில் அவர்களுக்கு இருந்த அக்கறைக்குக் காரணம் வேறு. அங்கே மோட்டார் கார் ஓடினால்தான் டயர் தேயும். டயர் தேய்ந்தால்தான் இங்கே ரப்பர் விலை போகும். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் ஒரு ராத்தல் ரப்பர் இரண்டு குவளை தேத்தண்ணி விலைக்கு வந்திருந்தது. தோட்டங்களில் கூலியைப் பாதியாக்கினார்கள். பிறகு ஆட்களையே பாதியாக்கினார்கள். வேலை போனவர்களுக்குச் சர்க்கார் இலவசமாகக் கப்பல் சீட்டுக் கொடுத்துக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அய்யாக்கண்ணு அப்படி வந்தவன்தான். பத்து காவான் என்கிற ஊரின் ரப்பர் தோட்டத்தில் ஒன்பது வருஷம் பால் வெட்டினவன். நவம்பர் பதினான்காம் தேதி நாகப்பட்டினம் கப்பலுக்கு அவனுக்கும் மனைவி வள்ளியம்மாவுக்கும் சீட்டு இருந்தது. தோட்டத்து லயத்தில் இருந்த வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டதால் மூன்று வாரம் முன்பே பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். சிக்கந்தர் கடைக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகையில் இடம் கொடுத்தான். வள்ளியம்மா கடைக்கு மசாலா அரைத்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். தாய்வீட்டில் போய்ப் பிள்ளை பெறப்போகிறேன் என்று அரைக்கிற கல்லுக்கே சொல்லிக்கொண்டிருப்பாளாம். பெண்கள் முன்கடைக்கு வருவதில்லை. அதனால் நான் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

அய்யாக்கண்ணு காதில் எல்லாம் விழுந்தது. பெஞ்சில் உட்காரமாட்டான், தூணோரம் நிற்பான். தினமும் ஒரே கேள்விதான்.

"கிராணி அண்ணே, ரப்பரு ஏறுமா?"

அது அமெரிக்காவில் எலெக்‌ஷன் நேரம். நாலு வருஷமாக நாற்காலியில் இருந்தவர் ஹூவர், எதிர்த்து நின்றவர் ரூஸ்வெல்ட். இரண்டு பேரைப் பற்றியும் என்கூடப் படித்தவர்கள் மாதிரி பேசினேன்.

"பழைய ஆளு கெடுத்து வச்சதுதான் இதெல்லாம். புது ஆளு ஜெயிச்சா மறுநாளே கார் பேக்டரி எல்லாம் திறந்துடுவான்லா. ரெண்டே வாரம். ரப்பர் எகிறும் பாரு" என்றேன்.

"ஜெயிச்சவரு எப்ப பெரட்டுக்கு வருவாரு?" என்று கேட்டான். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பழைய துரை மத்தியானம் பெட்டி கட்டினால், புதுத் துரை மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்பார். அவன் கண்டது அதுதான். எங்கள் கிட்டங்கியிலும் அப்படித்தான் துரை மாறினார். ஆகவே எனக்கும் வேறு யோசனை வரவில்லை.

"மறுநாள் காலையிலயே" என்றேன்.

புது ஆள் ஜெயித்தார். தந்தி வந்த அன்று நானே ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைத்த மாதிரி கடைக்குள் நுழைந்தேன். எல்லோருக்கும் தேத்தண்ணியில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டான் சிக்கந்தர். அவன் கையால் அது பெரிய கொடை.

பதினைந்தாம் தேதி மாலை அய்யாக்கண்ணு தூணோரம் நின்றான். கப்பல் முந்தின நாளே போய்விட்டது.

"நீ போகலியாடா?"

"சீட்டைத் திருப்பிக் குடுத்துட்டேண்ணே. ரெண்டு வாரந்தானே? வேல வந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க."

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் பேச்சுக்கு ஒருவன் கப்பலையே விட்டிருக்கிறான்! வீட்டுக்குப் போய் ருக்கையாவிடம் சொன்னேன். என் மனைவி மீன் அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொன்னிச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இதை எதற்குக் கேட்கிறாள் என்று எரிச்சல் வந்தது.

இரண்டு வாரம் போயிற்று. ரப்பர் நகரவில்லை. ஒருநாள் கிட்டங்கியில் மத்தியானம் பழைய பேப்பர்களைப் புரட்டியபோது அந்த வரி கண்ணில் பட்டது. ஜெயித்தவர் மார்ச்சு மாதம் நாலாம் தேதிதான் பதவி ஏற்பாராம். அதுவரை தோற்றவரே நாற்காலியில் இருப்பாராம். என்ன தேசமடா இது! ஜெயித்தவனை வாசலில் நிறுத்திவிட்டுத் தோற்றவனை நாலு மாதம் உள்ளே வைத்திருப்பார்களா? ஆனால் அந்த வரி எலெக்‌ஷன் செய்தி வந்த முதல் நாள் பேப்பரிலேயே இருந்தது. நான்தான் ஜெயித்த ஜோரில் தாண்டிப் போயிருக்கிறேன்.

அன்று மாலை கடையில் சினிமாக்காரியின் ஐந்தாவது கல்யாணத்தைப் பற்றிப் பேசினேன். மறுநாளும் அதையே பேசினேன்.

"அண்ணே, உக்காந்துட்டாரா?" என்று தூணோரத்திலிருந்து அய்யாக்கண்ணு கேட்டான்.

"ஏற்பாடு நடக்குதுடா. பெரிய தேசம்லா" என்றேன். இப்படியே ஒரு வாரம் ஓட்டினேன். வெட்கங்கெட்ட ஒரு வாரம்.

எட்டாம் நாள் வள்ளியம்மா முன்கடைக்கு வந்துவிட்டாள். அஞ்சடி நடைபாதையில், கையில் மசாலாவோடு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். சிக்கந்தர் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இங்க பேப்பரு படிக்கிற அண்ணன் யாரு?"

"நான்தாம்மா" என்றேன்.

"யாரோ வந்து உக்காந்தாத்தான் எங்களுக்கு வேலன்னு இவரு சொல்றாரு. அவரு எப்பண்ணே உக்காருவாரு? ஏன் கேக்கறேன்னா, வயித்துல இருக்கறது தை மாசத்துக்கு மேல காத்திருக்காது."

பேப்பர் என் மடியில் இருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், அந்த வித்தை எனக்குக் கைவந்ததுதான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"மார்ச்சு மாசம்மா. நான் தப்பாச் சொல்லிட்டேன். அவரு உக்காந்தாலும் ரப்பர் ஏறுமா ஏறாதான்னு எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது என்று அந்தக் கடையில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வள்ளியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புருஷனைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அய்யாக்கண்ணு கப்பல் சீட்டுக் கொடுக்கும் ஆபீசுக்கு ஓடினான். கூட வருகிறேன் என்றேன். ஆனால் அன்று கிட்டங்கியில் சரக்கு இறங்கியது, போகவில்லை. பெயரை வரிசையில் கடைசியாக எழுதிக்கொண்டார்களாம். அவர்கள் முறை வருவதற்குள் அவளுக்கு எட்டு மாதம் தாண்டிவிடும். அந்த நிலையில் கப்பல் டாக்டர் ஏற்றமாட்டார்.

ருக்கையா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வள்ளியம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். தை பிறந்து பத்து நாளில் எங்கள் சமையலறையை ஒட்டின அறையில் பெண் குழந்தை பிறந்தது. நான் அஞ்சடியில் உலாவினேன், அய்யாக்கண்ணு எதிர்த்தாற்போல் குந்தியிருந்தான். அழுகைச் சத்தம் கேட்டதும் சிரித்தான். பிறகு, "இவ அம்மா இல்லாம பெத்துட்டா" என்றான்.

மார்ச்சில் புது ஆள் நாற்காலியில் உட்கார்ந்த செய்தி வந்தது. அதே பேப்பரில், அந்த நாட்டு பேங்குகள் கதவடைத்துக் கிடக்கின்றன என்றும் இருந்தது. அய்யாக்கண்ணு கடைக்கு வந்தான். அடுத்த வாரக் கப்பலுக்குச் சீட்டுக் கிடைத்திருந்தது.

"உக்காந்துட்டாராண்ணே?"

"உக்காந்துட்டாரு."

"அப்ப ரப்பரு? இருக்கட்டுமா, போகட்டுமா? நீங்க சொல்லுங்க."

பத்துப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாதுடா" என்றேன். சத்தியமான வார்த்தை. அவர்கள் கப்பல் ஏறினார்கள்.

ஜூலையில் ரப்பர் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. பத்து காவான் பக்கம் பால் வெட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கடையில் பேச்சு வந்தது. நான் இரு என்று சொன்னபோது அவன் போயிருக்கவேண்டும். தெரியாது என்று சொன்னபோது இருந்திருக்கவேண்டும்.

"அன்னிக்கு நீ இருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்திருப்பான்லா" என்றான் சிக்கந்தர்.

"உன் வாயை மூடிக்கிட்டு கறியைக் கிண்டு!" என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். அய்யாக்கண்ணுவுக்கு ஒரு கடிதம் போட்டுவிடுவோம், யாராவது படித்துக் காட்டுவார்கள். மேல்விலாசத்துக்குப் பேனாவை எடுத்தபோதுதான் கை நின்றது. அமெரிக்காவின் நாற்பத்தெட்டு மாநிலங்களில் முப்பதின் பெயராவது எனக்கு மனப்பாடம். நாலு மாதம் என் எதிரே நின்றவன் எந்த ஊர்க்காரன் என்று தெரியவில்லை.

"ருக்கையா, அய்யாக்கண்ணு ஊரு எதுன்னு உனக்குத் தெரியுமா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள். ஊர்ப் பேர், தபாலாபீசுப் பேர், வள்ளியம்மாவின் அம்மா பேர், கோயிலுக்குத் தெற்கே மூன்றாவது வீடு என்பதுவரை.

"இவ்வளவும் எப்படித் தெரியும்?"

"கேட்டேன், சொன்னா" என்றாள். வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டு, "நம்ம வீட்டுல பொறந்த அந்தப் புள்ளைக்குப் பேரு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

தெரியாது.

"புஷ்பவள்ளி. முதல்ல அது எப்படி இருக்குன்னு கேட்டு எழுதுங்க. அப்புறம் உங்க ரப்பர எழுதலாம்."

அப்படியே எழுதினேன். புஷ்பவள்ளி எப்படி இருக்கிறாள் என்று முதல் வரி. இன்றைய தேதியில் ரப்பர் இன்ன விலை, தோட்டத்தில் ஆள் எடுப்பதாகப் பேச்சு என்று இரண்டாவது வரி. மூன்றாவதாக, இனிமேல் விலை நிற்கும் என்று எழுத ஆரம்பித்தேன். அதை அடித்துவிட்டு உறையை ஒட்டினேன்.