சனிக்கிழமைச் சங்கு

ஏரிக்கரை விடுமுறை முகாமில் எல்லோரும் என்னைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தரைவிரிப்பு விற்கிறவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வண்டி வீடுகளோடு வந்திருந்த பதினெட்டுக் குடும்பத்தையும் மடக்கு நாற்காலிகளில் உட்காரவைத்து, சூறாவளி வந்தால் என்ன செய்வது என்று முக்கால் மணி நேரம் பேசியதற்குக் கிடைத்த பட்டம் அது. கேலிக்குத்தான் கொடுத்தார்கள். நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மொத்தம் பதினோரு விதிகள். பிளாஸ்டிக் உறை போட்டு ஒவ்வொரு வண்டியின் கதவிலும் நானே ஒட்டினேன். வண்டி வீடு என்பது சக்கரம் வைத்த தகரப் பெட்டி, காற்றில் அதற்குள் இருக்காதீர்கள். ஊர் அபாயச் சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குளியலறைக் கட்டடத்துக்குப் போங்கள். பெண்கள் பக்கத்தில்தான் ஜன்னல் இல்லை, ஆகவே ஆண்களும் அங்கேயே. ஏழாவது விதியில் எனக்குத் தனிப் பெருமை. எங்கள் ஓக்லஹோமா வட்டாரத்தில் சனிக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டுக்குச் சங்கைச் சோதித்துப் பார்ப்பார்கள். வானம் மோசமாக இருந்தால் சோதிக்க மாட்டார்கள். ஆகவே, கருத்த வானத்தின் கீழே ஊதினால் அது நிஜச் சங்கு.

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலை நாலு மணியிலிருந்து மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் போட்டுக் காவல் இருந்தேன். தென்மேற்கே வானம் பழைய காயத்தின் பச்சைக்கு மாறியிருந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சங்கு ஊதியது.

பக்கத்து வண்டிப் படியில் வெர்னா வந்து நின்றாள். அறுபத்து மூன்று வயது, இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். நாலு கால் ஊன்றுசட்டத்தைப் பிடித்துத்தான் நடப்பாள்.

“டாரல், நான் கிளம்பட்டுமா? எனக்குப் போய்ச் சேர நேரமாகும்.”

“எங்க கிளம்புறீங்க? இன்னிக்கு சனிக்கிழமை. டெஸ்ட் பண்றாங்க.”

“பன்னெண்டாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கே.”

“அவங்க கடிகாரம் அந்த லட்சணம். எதைத்தான் நேரத்துக்குச் செஞ்சாங்க?”

“உங்க ஏழாவது ரூல்ல, வானம் இப்படி இருந்தா...”

“அந்த ரூலை எழுதினதே நான்தானே, வெர்னா! போய் உக்காருங்க. முதல் துண்டு உங்களுக்குத்தான்.”

அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். எதிர் வண்டி ராய்ஸ், எங்கள் ஊர் ஆண்கள் சங்கு கேட்டால் முதலில் செய்கிற காரியத்தைச் செய்துகொண்டிருந்தான். அதாவது வாசலுக்கு வந்து, பீர் டப்பாவும் போனுமாக அண்ணாந்து நின்றான்.

“கேப்டனே நகரல, நமக்கு என்னடா அவசரம்?” என்றான் யாரிடமோ.

கேப்டன் நகராததற்குக் காரணம் கறி. இன்னும் ஒரு மணி நேரம் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு எந்தக் காரணமும் இல்லை.

சங்கு நின்றது. நான் வெற்றியோடு தலையாட்டினேன். மறுபடி ஊதியது. சோதனைக்கு இரண்டு தடவை ஊத மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கறியைத் திருப்பிப் போட்டேன்.

பன்னிரண்டு மணி நாலு நிமிடத்துக்கு என் மனைவி ராண்டா, கையில் போன் கத்த, வண்டியிலிருந்து குதித்தாள். “டாரல்! ஏரிக்கு அந்தப் பக்கம் தரையில இறங்கிருச்சாம்! ஓடு!” முதல் ஆலங்கட்டிக் கல் தகரக் கூரையில் விழுந்தது. எலுமிச்சம்பழ அளவு. கூட்டம் ஓடியது, நானும் ஓடினேன். வெர்னாவின் வண்டியைத் தாண்டித்தான் ஓட வேண்டும். கதவு திறந்திருந்தது. அவள் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

குளியலறைக்குள் முப்பது பேர் நெருக்கியடித்தோம். ராண்டா தலைகளை எண்ணிவிட்டு என் சட்டையைப் பிடித்தாள்.

“வெர்னா எங்க?”

“பின்னாடி வந்துக்கிட்டிருக்கா.”

இருபத்தெட்டு ஆண்டு என்னோடு வாழ்ந்தவள். என் முகத்தை ஒரு கணம் படித்தாள், வெளியே ஓடினாள். ராய்ஸ் பீர் டப்பாவை எறிந்துவிட்டு அவள் பின்னால் ஓடினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கதவைப் பிடித்துக்கொள்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இருவரும் அவளை ஆளுக்கொரு பக்கம் தூக்கிவந்து சேர்த்தார்கள். நெற்றியில் கல் பட்டு ரத்தம் வழிந்தது. கதவைச் சாத்திய பிறகுதான் அந்த இரைச்சல் வந்தது. சுவர் அதிர்ந்தது. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. பிறகு கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே நாலு வண்டிகள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றில் வெர்னாவுடையதும் ஒன்று. என்னுடையதற்கு ஒரு கீறல் இல்லை.

“கேப்டன் நேத்து கிளாஸ் எடுக்கலேன்னா நாம எல்லாரும் காலி!” என்று யாரோ கத்த, கை தட்டினார்கள். நானும் கையை உயர்த்தித் தொலைத்தேன். ராய்ஸ் தட்டவில்லை. ராண்டா, வெர்னாவின் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு குளியலறை வாசல் பெஞ்சில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள்.

வெர்னா கேட்டாள்: “டாரல், படியில நின்னப்ப நீங்க என்னைப் பாத்தீங்களா?”

“மழையில கண்ணே தெரியல, வெர்னா.”

“மழை அப்புறம்தான் வந்தது. கல்லுதான் விழுந்துக்கிட்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.”

துண்டில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

“கேட்டுச்சு,” என்றேன். “பாக்கவும் பாத்தேன்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“நான் ஊன்றி நடக்கிற ஸ்டாண்டு காத்துல போயிருச்சு. வண்டில என்ன மிச்சம்னு பாக்கணும். கையைக் குடுங்க.”

கொடுத்தேன். சேற்றில் ஓர் அடி வைப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள், அடுத்த அடி. அவள் கனம் முழுக்க என் முழங்கையில் இருந்தது. வழியில் இருவர் என் தோளில் தட்டி, “பாரு, இப்பவும் ஒத்தாசை பண்றாரு” என்றார்கள். வெர்னா மறுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் வண்டியிடம் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். குளியலறையிலிருந்து, உடைந்த கிளைகளைச் சுற்றிக்கொண்டு, நின்று நின்று வந்தும், ஒன்பது நிமிடம். முதல் சங்குக்கும் முதல் கல்லுக்கும் நடுவில் பதினாலு நிமிடம் இருந்தது.