கான் வீட்டில் ஓர் ஆடுகூட இல்லை

பெக்சுல்தானை வெள்ளைக் கம்பளியில் உட்காரவைத்துத் தலைக்கு மேல் தூக்கியபோது, அவன் மனைவி உல்பிகே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடாரத்து வாசலில் நின்றிருந்தாள். நிறைமாதம். குலத்துக்கு ஒரு பெரியவராகக் கம்பளியின் மூலைகளைப் பிடித்திருந்தார்கள். "கான்! கான்!" என்று சனம் போட்ட கூச்சலில் ஆற்றங்கரைக் கொக்குகளெல்லாம் கிளம்பிப் பறந்தன. நேற்று வரைக்கும் காலணியில் ஒன்றைக் காணோம் என்று அவளிடம் கத்திக்கொண்டிருந்த மனுஷன், இன்று இந்தப் புல்வெளிக்கே எஜமான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கம்பளி தரையைத் தொட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு அதைக் கிழித்து ராசிக்கென்று ஒரு துண்டை மடியில் செருகிக்கொண்டார்கள். அடுத்தது மந்தை. கானாகிவிட்டவனுக்குச் சொந்தமாக ஆடு எதற்கு, மாடு எதற்கு? இனி அவன் ஊருக்குச் சொந்தம், ஊர்தான் அவனுக்குச் சோறு போட வேண்டும். அதனால் பட்டம் ஏறுகிற அன்றே அவன் மந்தையைச் சனம் பங்குபோட்டு ஓட்டிக்கொண்டு போய்விடும். பாட்டன் காலத்து வழக்கம். உல்பிகேக்கும் தெரிந்ததுதான். ஆனாலும், தான் பால் கறந்த மாடு அடுத்தவன் கயிற்றில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவதை நின்று பார்ப்பது வேறு.

"அண்ணி, அந்தக் கறுப்பு ஆட்டையும் இழுத்துட்டுப் போறாங்க!" என்று குதித்தாள் ஜான்சயா, கானின் தங்கை.

"போகட்டும் விடு. ஆட்டுக்கு வந்த யோகம், கான் வீட்டு ஆடுன்னு ஊரெல்லாம் பேர் சொல்லும்."

"அண்டாவையாவது விட்டுட்டுப் போனாங்களே."

"அது தூக்க முடியாத கனம். அதான்."

சொல்லி வாய் மூடவில்லை, இடுப்பில் சுரீரென்று ஒரு வலி ஏறி முதுகைப் பிடித்தது. காலடியில் தரை நனைந்தது. ஜான்சயா கத்திக்கொண்டே வெளியே ஓடினாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். கூடாரத்தின் நடுவே குறுக்காகக் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு உல்பிகேயை மண்டியிட வைத்தார்கள். வெயில் சாயத் தொடங்கிய பிறகும் ஒன்றும் நகரவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்த ஒருத்தி கையை எடுத்துவிட்டு மற்றவளைப் பார்த்தாள்.

"புள்ள குறுக்கே கிடக்கு. இது நம்ம கைக்கு அடங்காது. அக்பாலா வரணும்."

கைதேர்ந்த மருத்துவச்சிதான், ஆனால் அவளைக் கூப்பிடுவது எப்படி? அக்பாலா ஷோமனின் மனைவி. ஷோமன், பெக்சுல்தான் கானாகக் கூடாது என்று சபையில் தொண்டை கட்டுகிற வரைக்கும் பேசியவர். செத்துப்போன கானின் தம்பிக்குத்தான் பட்டம் என்று நின்றவர். பேச்சு தோற்றதும், கம்பளியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார். ஆற்றுக்கு அக்கரையில் அவர் ஆட்கள் கூடாரங்களைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சேதி கேட்டு வந்த பெக்சுல்தான் வாசலில் நின்றான். பின்னாலேயே வந்தான் அவன் படைத்தலைவன்.

"இதுக்கா யோசனை? ஆளுங்களை அனுப்பறேன், அந்தப் பொம்பளையத் தூக்கிட்டு வந்துடறோம். முதல் உத்தரவு போடுங்க கான்!"

பெக்சுல்தான் உள்ளே மனைவியைப் பார்த்தான். கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"பலவந்தமாத் தூக்கிட்டு வந்தவ கை என் புள்ளையத் தொட வேணாம். நீங்க போய்க் கேளுங்க."

அவன் உடனே கிளம்பினான். ஏறிப் போகக் குதிரை இல்லை. காலையில் தன் மந்தையிலிருந்து செங்குதிரையை ஓட்டிப்போனவனிடமே அதை இரவல் கேட்டான். "பாத்து ஓட்டுங்க கான், இப்போ அது என் குதிரை" என்று அவன் சிரித்துக்கொண்டே கயிற்றை நீட்டினான்.

அதற்குப் பிறகு உல்பிகேக்கு வலிதான் தெரிந்தது. வலி விட்ட நேரத்தில் கூரை நடுவே புகை போக விட்ட வட்டத்துக்கு மேலே வானம் மஞ்சளாகிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். நான் செத்தால் இந்த மனுஷன் காலணியை யார் தேடிக் கொடுப்பார்கள் என்று நினைத்தாள்.

கதவுத் திரை விலகியது. தடித்த உடம்பும் முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டையுமாக ஒருத்தி உள்ளே வந்தாள்.

"எங்கே அந்த மகாராணி? கயிறை விடு தாயி. படு. அட, விடுங்கறேன்ல."

அக்பாலா. அவள் கை வயிற்றின்மேல் பட்டதுமே உல்பிகேக்குப் பாதி உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்தக் கை தேடியது, அழுத்தியது, பொறுத்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"உன் புருஷன் என்ன பண்ணான் தெரியுமா? எங்க கூடாரத்துக்கு ரொம்ப தூரத்துலேயே இறங்கி நடந்து வந்தான். சாட்டைய வெளியவே வெச்சுட்டான். எங்காளு ஒட்டகத்துக்குச் சுமை கட்டிட்டு இருந்தாரு, திரும்பிக்கூடப் பாக்கல. 'கானா வந்தியா?'ன்னாரு. மூச்ச இழு, இழு... அப்படித்தான். உன் ஆளு சொன்னான், 'கானா வந்திருந்தா குதிரையவிட்டு இறங்கியிருக்க மாட்டேன். பொண்டாட்டி துடிக்கிறா அண்ணே, அக்காவ அனுப்புங்க'ன்னு. எங்காளுக்கு வாயடைச்சுப் போச்சு. சபையில அந்த வாய் பாத்திருக்கியே!"

"அண்ணன்... விட்டாரா?" என்றாள் உல்பிகே, மூச்சு வாங்க.

"நான் எங்கே அவரைக் கேட்டேன்? கையக் கழுவினேன், கிளம்பினேன்." வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "யாருடா அங்கே நிழலாடுது? வெந்நீர் கொண்டா!"

"அக்கா, அது கான்!" என்றாள் ஜான்சயா பதறிப்போய்.

"ஏன், கானுக்குக் கை கிடையாதா?"

கான் வெந்நீர் கொண்டுவந்தான். அடுப்புக்கு வறட்டி கொண்டுவந்தான். கையில் தடவக் கொழுப்பு வேண்டும் என்றதும், வீட்டில் ஒரு துளிகூட இல்லாமல் கூடாரம் கூடாரமாக ஓடி வாங்கி வந்தான். அக்பாலா கொழுப்பைத் தடவிக்கொண்டு உள்ளே கிடந்த பிள்ளையைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பினாள். உல்பிகே ஒருமுறை அலறினாள், ஆற்றங்கரை முழுக்கக் கேட்டிருக்கும். அப்புறம் இன்னொரு குரல் அழுதது, சின்னதாக, கோபமாக.

"பொண்ணு," என்றாள் அக்பாலா. "குரலப் பாரு. சபையில உக்கார வெக்கலாம்."

தொப்புள்கொடியை வெட்டிக் குழந்தையைத் துடைத்து அம்மாவின் மார்பில் போட்டாள். பிறகு இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்தாள்.

"பெத்தவளுக்கு ஆடு அடிக்கணுமே. கான் வீட்டு ஆடு எங்கே?"

ஜான்சயா காலி அண்டாவைப் பார்த்தாள். முதலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தால் வலித்தது, ஆனாலும் உல்பிகேயால் அடக்க முடியவில்லை.

வெளியே ஓர் ஆடு கத்தியது. அந்தி வெளிச்சத்தில் ஷோமன் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். சேணத்துக்குக் குறுக்கே கொழுத்த ஆடு ஒன்று கிடந்தது.

"காலையில உன் மந்தையில நான் கை வெக்கல," என்றார் பெக்சுல்தானிடம். "இது என் சொந்த ஆடு. வரின்னு நெனச்சுக்காதே. பெத்தவளுக்கு."

"தெரியும் அண்ணே."

"ஒட்டகத்துச் சுமைய இறக்கச் சொல்லிட்டேன். அவ இல்லாம என்னால கிளம்ப முடியாது. உன்னோட சண்டைய இங்கேயே இருந்து போட்டுக்கறேன்."

"போடுங்க. சண்டை போட ஆளில்லாம கான் வேலை எப்படிப் பாக்கறது?"

அண்டா கொதித்தது. காலையில் மந்தையை ஓட்டிப்போனவர்களே ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தர் கையில் தோல்பையில் குதிரைப்பால், இன்னொருத்தர் கையில் வெண்ணெய், ஒருவன் கையில் பிள்ளைக்கு நரித்தோல். உல்பிகேக்கு முதல் கிண்ணம் சாறு வந்தது. சூட்டில் உதடு பொறுக்கவில்லை, ஆனாலும் குடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அக்பாலா கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தபோது, உல்பிகே அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவளுக்குக் கொடி வெட்டினது நீங்க. இவளுக்கு நீங்களும் தாய்தான். ஊரறியச் சொல்றேன்."

அக்பாலா மூக்கை உறிஞ்சினாள்.

"கான் வீட்டுக்கு உறவாகணும்னா எங்காளு ஒத்துக்கணுமே."

"அவரக் கேட்டா இங்கே வந்தீங்க?"

அக்பாலா வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி வந்து படுக்கையோரம் உட்கார்ந்தாள். குழந்தையின் காலை உள்ளங்கையில் வைத்து, அது எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எந்தத் துண்டு யாருக்கு என்று கறி வெட்டுவதில் கானும் ஷோமனும் உரக்க வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டே உல்பிகே தூங்கிப்போனாள்.