அண்ணன் வீட்டு வாசல்

அப்பாவின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. மகன் முழங்கையைப் பிடித்து மெல்ல வளைத்தான். உயிரோடு இருந்தபோதும் இந்தச் சட்டைக்கு அவர் இப்படித்தான் முரண்டு பிடிப்பார். பெரியப்பா வீட்டுக்குப் போகவென்றே அவன் வாங்கிக் கொடுத்தது.

"என்னங்க." மனைவி கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றாள். "பெரிய மாமா கார் வந்திடுச்சு. இன்னைக்கே அவர் காதுல போட்டு வச்சிடுங்க."

"இப்பவா?"

"பின்ன எப்ப? அடுத்த வாரம் கெடு. பத்திரம் பண்ணலன்னா கொடுத்த முன்பணம் போச்சு. என் கழுத்துல கிடந்ததெல்லாம் இப்ப அந்த மண்ணுலதான் கிடக்கு. இத்தனை நாள் மாமா போய்க் கேட்டார். இனி யாரு இருக்கா?"

அவன் பொத்தான்களைப் போட்டான்.

அந்த மனையில் எட்டு வீடு கட்டலாம். பெரியப்பா கூட்டுச் சேர்ந்தால் போதும். தம்பி கேட்டால் அண்ணன் தட்டமாட்டார் என்று நம்பி, மாடிப்படி ஏறினாலே மூச்சிரைக்கும் மனிதரை வெள்ளிக்கிழமைதோறும் பேருந்தில் ஏற்றிவிட்டான். ஒவ்வொரு தடவையும் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேன்னுருக்கான்" என்பார். நேற்று அங்கிருந்து திரும்பும்போதுதான் பேருந்து நிறுத்தத்தில் சரிந்தார்.

கூடத்தில் பெரியப்பா தம்பியின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்தார்.

"வீம்புக்காரன்டா உங்கப்பன்" என்றார் கடைசியில். "ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு ரெண்டு வருஷமா என் வீட்டுப் படி ஏறல. செத்துக் காட்டித்தான் என்னை வரவழைக்கணும்னு இருந்திருக்கான்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து வெளியே போனான். குழாயடியில் பெரியப்பா வீட்டுக் காவலாளி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவக் கழுவக் கண் நிறைந்தது.

"நேத்துகூட என் ரூம்லதான் டீ குடிச்சார், தம்பி."

"உங்க ரூம்லயா?"

"கேட்டுக்குப் பக்கத்துல. வெள்ளிக்கிழமையானா வந்திடுவாரே. உள்ள போங்கய்யான்னா, 'எங்க அண்ணன் எப்படி இருக்கான்'னு கேப்பார். நல்லா இருக்கார்னு சொன்னா, 'நல்லா இருக்கிறவனை எதுக்குக் கெடுக்கணும்'னு சிரிச்சிட்டு உக்காந்திடுவார். நேத்துதான் எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் போனார். காலிங்பெல்லுல விரலும் வச்சார், தம்பி. அமுக்கல. அப்படியே எடுத்துட்டார்."

முந்தாநாள் சாப்பிடும்போது அவன் கத்தியது நினைவுக்கு வந்தது. 'கூடப்பிறந்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாயில்லையா உங்களுக்கு?' அப்பா பாதிச் சோற்றோடு எழுந்து தட்டைக் கழுவி வைத்தார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது உச்சி வெயில். பெரியப்பா புறப்படுமுன் அவனைக் கூப்பிட்டார்.

"அவன்தான் என்கிட்ட ஒண்ணுமே கேக்காம போயிட்டான். உனக்கு ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுடா."

அவருக்குப் பின்னால் மனைவி முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் வாயைத் திறந்தான். கண்ணாடி முன் நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம்தான்: நல்ல மனை ஒண்ணு அமைஞ்சிருக்கு, பெரியப்பா. முதல் சொல் நாக்குவரை வந்தது. பெரியப்பா காத்திருந்தார். காலியான கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"வெயில் கடுமையா இருக்கு, பெரியப்பா" என்றான். "கார் வரைக்கும் குடை பிடிக்கிறேன்."

தெருமுனையில் கார் திரும்பி மறைந்தது. 'என்ன சொன்னார்?' என்று வாசலிலிருந்து மனைவி கையை ஆட்டிக் கேட்டாள். அவன் அசையவில்லை. குடை, பக்கத்தில் இன்னொருவர் நிற்பதுபோல், அவனை வெயிலில் விட்டு மறுபுறமாகவே சாய்ந்திருந்தது.